எஸ்8 இரைச்சலுக்கு நடுவே: 160 மீட்டருக்கு ஒரு கேட்பு ஆன்டெனா தேடிய கதை

நண்பர் ஒருவர் 160 மீட்டர் பேண்டில் (1.8 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம்) 100 வாட் டிரான்ஸ்மிட்டர் வைத்து இரவிரவாக உட்கார்ந்திருப்பார். இவர் கூப்பிட்டால் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்கள்கூடப் பதில் சொல்கிறார்கள். ஆனால் பதில் வந்ததே இவருக்குத் தெரியாது. மறுநாள் யாராவது "நேற்று மூன்று முறை கூப்பிட்டேனே, காதில் விழவில்லையா?" என்று எழுதினால்தான் விஷயம் தெரியும். இப்படிப்பட்ட நிலையத்தை ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், கேலியாக முதலை என்பார்கள்: வாய் பெரிசு, காது சின்னது.

"கேட்பதற்கு எந்த ஆன்டெனா நல்லது, சார்? ஒன்றைச் சொல்லுங்கள், கட்டிவிடுகிறேன்" என்று கேட்டார். அந்த ஒன்றைச் சொல்ல மூன்றரை மாதம் பிடித்தது. அதற்குள் மூன்று ஆன்டெனா கட்டிப் பார்த்தோம், ஒரு ப்ரீஆம்ப் (ரிசீவருக்கு முன்னால் வைக்கும் பெருக்கி) செத்தது, அவருடைய வீட்டு ஃப்யூஸ் பெட்டி எனக்கு மனப்பாடம் ஆனது.

இருந்த நிலைமை

அனுப்புவதற்கு அவர் வைத்திருந்தது தலைகீழ் எல் வடிவக் கம்பி. 15 மீட்டர் செங்குத்தாக ஏறி, 25 மீட்டர் கிடையாகப் போகும். மொத்தம் 40 மீட்டர், 1.8 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ கால் அலைநீளம். அடியில் ரேடியல் கம்பிகள் பரப்பியிருந்தார். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. வீட்டுக்குப் பின்னால் இருந்த இடம் 28 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். மூன்று பக்கமும் அக்கம்பக்கத்து வீடுகள்.

அந்தக் கம்பியில் இரவு 1840 கிலோஹெர்ட்ஸில் ரிசீவரைத் திறந்தால், யாரும் பேசாதபோதே, சிக்னலின் பலத்தை எஸ்1, எஸ்2 என்று எஸ்9 வரை காட்டும் மீட்டர் எஸ்8-ல் நிற்கும். இதில் ஆச்சரியம் இல்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரையில் மனிதர்கள் கிளப்பும் இரைச்சலுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. குடியிருப்புப் பகுதிக்கு 1.83 மெகாஹெர்ட்ஸில் அது தரும் விடை, வெப்ப இரைச்சலைவிட (வெப்பத்தால் தானாகவே எழும் அடிப்படை இரைச்சலைவிட) 65 டெசிபெல் அதிகம் என்பது. 2.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் கணக்குப் போட்டால் மைனஸ் 75 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை பூஜ்யமாக வைத்து டெசிபெலில் அளப்பது), அதாவது எஸ்9-ஐ எட்டிப்பிடிக்கும் அளவு. நண்பரின் எஸ்8 ஊர் உலகத்தில் எல்லோருக்கும் இருக்கிற எஸ்8தான்.

அவர் நினைத்திருந்த தீர்வு வேறு. இன்னும் உயரமான கம்பி, இன்னும் நல்ல ப்ரீஆம்ப், இன்னும் பலமான சிக்னல். அந்த எண்ணத்தை மாற்ற ஒரு சின்னச் சோதனை செய்தேன். இரைச்சலுக்குள் பாதி மூழ்கிக் கிடந்த ஒரு மோர்ஸ் நிலையத்தைக் கேட்டுக்கொண்டே, ரிசீவரில் சிக்னலைக் குறைக்கும் 20 டெசிபெல் அட்டெனுவேட்டரைத் தட்டினேன். மீட்டர் சரிந்தது. ஒலியைக் கூட்டினேன். அதே நிலையம், அதே தெளிவு, அதே இரைச்சல்.

"அட, ஒன்றுமே மாறவில்லையே!"

மாறாதுதான். 20 டெசிபெல் வெட்டியதில் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே இறங்கின. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அப்படியே இருந்தது. காது கேட்பது அந்த இடைவெளியைத்தான். ரிசீவரின் சொந்த இரைச்சல் இன்னும் வெகு கீழே கிடப்பதால், சிக்னலில் நூறில் ஒரு பங்கை மட்டும் கொடுத்தாலும் அதற்குப் போதும். அனுப்பும் ஆன்டெனாவில் ஒரு டெசிபெல் இழப்பு என்றால் மனசு அடித்துக்கொள்ளும். தாழ்ந்த பேண்டுகளில் கேட்கும் ஆன்டெனாவுக்கு 25 டெசிபெல் இழப்பு இருந்தாலும் பரவாயில்லை, இரைச்சல் வரும் பக்கம் அது காதைப் பொத்திக்கொள்ளத் தெரிந்திருந்தால்.

இதை அளக்க ஓர் எண் இருக்கிறது. டாம் ரவுச் என்ற அமெரிக்க ஹாம், டபிள்யூ8ஜேஐ என்ற அழைப்புக்குறிக்காரர், பரவலாக்கிய ஆர்டிஎஃப், அதாவது கேட்கும் திசைத்தன்மையின் அளவு. நாம் கேட்க விரும்பும் திசையில் ஆன்டெனாவின் பெருக்கத்தையும், சுற்றிலும் மேலேயும் எல்லாத் திசைகளிலும் சேர்த்து அதன் சராசரிப் பெருக்கத்தையும் ஒப்பிட்டால் வருவது. இரைச்சல் எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வருகிறது என்று வைத்துக்கொண்டால், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு கூடும் என்பதை இந்த எண் சொல்லிவிடும். சாதாரணச் செங்குத்துக் கம்பிக்கு 5 டெசிபெல் அளவில் வரும். கே9ஏஒய், ஃபிளாக் போன்ற முடிப்பு ரெசிஸ்டர் வைத்த வளையங்களுக்கு 7.4 அளவில். பெவரேஜ் என்ற நீளக் கம்பி ஆன்டெனாவை ஒரு அலைநீளத்துக்குக் கட்டினால் 8-க்கு மேல்.

'சமமாக வருகிறது என்று வைத்துக்கொண்டால்' என்பதில்தான் எங்கள் கதையே இருக்கிறது.

முதலில் வீட்டுக்குள் தேடியது

ஆன்டெனாவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ரிசீவரைப் பேட்டரியில் ஓட்டிவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தோம். வீட்டில் இருந்தவர்களிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தோம். சொல்லாமல் செய்தால் பொழுதுபோக்குக்கு அன்றே முடிவுரை எழுதிவிடுவார்கள். மீட்டர் எஸ்8-லிருந்து எஸ்6-க்கு இறங்கியது. ஒரு எஸ் என்றால் 6 டெசிபெல்; ஆக 12 டெசிபெல் அவருடைய கூரைக்குக் கீழேயே இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு சுற்றாகப் போட்டுப் பார்த்தோம். கூடத்து எல்இடி விளக்கின் டிரைவர் ஒரு எஸ். வைஃபை ரூட்டரின் அடாப்டர் அதைவிட அதிகம்; அதன் இரைச்சல் தனித்தனிக் குவியல்களாக, சுமார் 60 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக, திரையில் மெல்ல அலைந்துகொண்டிருந்தது. மின்சாரத்தை வேகமாகத் துண்டித்துத் துண்டித்து மாற்றும் ஸ்விட்ச் மோட் சப்ளைகளின் கையெழுத்து அது. குவியல்களின் இடைவெளிதான் அந்த சப்ளை சுவிட்ச் செய்யும் வேகம். கருவியின் வகைக்கும் சுமைக்கும் ஏற்ப எண் மாறும். மூன்றாவது குற்றவாளி நண்பரின் சொந்த லேப்டாப் சார்ஜர், ரேடியோ மேசைக்கு அடியிலேயே.

அடாப்டரை டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய வகைக்கு மாற்றினார், விளக்கை மாற்றினார், சார்ஜர் கம்பியை ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுச் சுற்றினார். எஸ்8 இப்போது எஸ்6-க்கும் எஸ்7-க்கும் நடுவில். எந்த ஆன்டெனாவும் கட்டாமலேயே கிடைத்த லாபம் இது. கே9ஏஒய் கட்டி ஆர்டிஎஃப் கணக்குப்படி கிடைக்கக்கூடியது 2.4 டெசிபெல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஏணி ஏறுவதற்கு முன் ஃப்யூஸ் பெட்டியைத் திறப்பது எவ்வளவு மலிவான வேலை என்று புரியும்.

மீதமிருந்ததில் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, கையடக்க மீடியம் வேவ் ரேடியோவை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் நடந்தோம். அதன் மேல்பகுதியில் உள்ள ஃபெரைட் தண்டின் முனை இரைச்சல் மூலத்தை நேராகப் பார்க்கும்போது சத்தம் அடங்கும். இரண்டு இடத்தில் நின்று அந்தத் திசைகளைக் காகிதத்தில் கோடு இழுத்தோம். கோடுகள் வெட்டிக்கொண்ட இடம் கிழக்குப் பக்கத்து வீட்டின் பின்சுவர். இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து விடிகாலை வரை ஓடும் ஏதோ சார்ஜர். அந்த வீட்டுக்காரரோடு அப்போது பேச்சுவார்த்தை சுமுகமாக இல்லாததால், அதைக் கொடுக்கப்பட்ட நிபந்தனையாக வைத்துக்கொண்டோம்.

காகிதத்தில் கழிந்தவை

பெவரேஜைப் பற்றி நண்பர் நிறையப் படித்து வைத்திருந்தார். 1921 டிசம்பரில் பால் காட்லி அமெரிக்காவிலிருந்து ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனுக்குப் போய், கடற்கரையோரம் கூடாரத்தில் உட்கார்ந்து, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமிருந்து வந்த அமெச்சூர் சிக்னல்களைப் பிடித்தது இந்த ஆன்டெனாவில்தான். தரைக்குச் சில மீட்டர் மேலே ஓடும் நீளமான ஒற்றைக் கம்பி, தொலை முனையில் 450 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர். ஹரால்டு பெவரேஜின் கண்டுபிடிப்பு.  ஆனால் 160 மீட்டர் பேண்டில் அதற்கு உருப்படியான திசைத்தன்மை வர ஒரு அலைநீளம், 160 மீட்டர் கம்பி, வேண்டும். அரை அலைநீளத்தில் கட்டினால் சாதாரணச் செங்குத்துக் கம்பியைவிட அது பெரிதாக ஒன்றும் செய்யாது. எங்களிடம் இருந்தது 28 மீட்டர். சரி, அடுத்தது.

செயலூக்கச் செங்குத்துகள் (பெருக்கி சேர்த்த குட்டைச் செங்குத்துக் கம்பிகள்) இரண்டை வைத்துக் கட்டம் மாற்றி இணைப்பது நல்ல வழி; ஆனால் முதல் ஆன்டெனாவாக அதைக் கட்டுபவருக்குக் கை பழகியிருக்க வேண்டும். ஃபிளாக் வளையம் தரையிணைப்பே கேட்காது, சுழற்றவும் செய்யலாம், 8.8 மீட்டருக்கு 4.3 மீட்டர் சட்டத்தைக் காற்றில் யார் சுழற்றுவது என்பதுதான் கேள்வி. மிஞ்சியவை மூன்று: மினி விப், ஒரு மீட்டர் காந்த வளையம், கே9ஏஒய்.

மினி விப்: மொட்டைமாடியில் தோல்வி, வேலியோரத்தில் பாதி வெற்றி

நெதர்லாந்து ஹாம் பிஏ0ஆர்டிடி வடிவமைத்த சின்னஞ்சிறு ஆன்டெனா இது. உள்ளங்கையில் அடங்கும் செப்புத் தகடு, அதோடு ஒட்டிய ஒரு பெருக்கி, அவ்வளவுதான். ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உலகமெங்கும் இருந்து கேட்கப்படும் வெப் எஸ்டிஆர் (இணையம் வழியே கேட்கும், மென்பொருளால் இயங்கும்) ரிசீவர் இந்த வகையை வைத்துத்தான் பெயர் வாங்கியது. நண்பர் அதை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பொருத்தி, கேபிளைப் படிக்கட்டு வழியாக இறக்கி, ஒரு ஸ்விட்ச் மோட் அடாப்டரில் மின்சாரம் கொடுத்தார். எஸ்9. தலைகீழ் எல்லைவிட மோசம்.

இந்த ஆன்டெனாவைப் பற்றி எல்லோரும் தவறவிடும் விஷயம், தகடு பாதி ஆன்டெனாதான் என்பது. மறுபாதி கேபிளின் மேல்பின்னல். தகட்டுக்கும் பின்னலுக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தைத்தான் பெருக்கி பார்க்கிறது. பின்னல் வீட்டு மின்சாரக் கம்பிகளின் அழுக்கைச் சுமந்துகொண்டு மேலே போனால், தகடு எவ்வளவு சுத்தமான காற்றில் இருந்தாலும் பயனில்லை.

தோட்டத்தின் தொலைக் கோடியில், வேலியை ஒட்டி, ஐந்து மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் தூக்கினோம். குழாயின் அடியில் ஒரு தரைக்கம்பி அடித்து, பின்னலை அங்கே அதோடு இணைத்தோம். அங்கிருந்து வீடு வரும் கேபிளை, 61 மில்லிமீட்டர் விட்டமுள்ள 31 வகை ஃபெரைட் வளையத்தில் 14 சுற்றுச் சுற்றினோம்; பின்னலில் ஓடிவரும் இரைச்சலை அடைக்கும் சோக் இது. மின்சாரம் பேட்டரியிலிருந்து. இப்போது மொட்டைமாடியில் இருந்ததைவிட இரண்டு எஸ்ஸுக்கு மேல் இறங்கி, தலைகீழ் எல்லைவிடச் சற்றே தெளிவாகக் கேட்டது. அதே ஆன்டெனா, அதே பெருக்கி. மாறியது இடமும் தரையும் மட்டும்.

ஆனால் அது எல்லாத் திசையிலும் சமமாகக் கேட்கும் ஆன்டெனா. ஒன்பது மணி ஆனதும் கிழக்குச் சுவர் சார்ஜர் வந்து உட்கார்ந்துகொண்டது.

காந்த வளையம்: ஒரே ஒரு எதிரியை அடக்க

அடுத்து ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையத்தை மரமுக்காலியில் நிறுத்தி, மினி விப் இருந்த அதே கோடியில் வைத்தோம். "காந்த வளையம் மின்புல இரைச்சலைக் கேட்காது" என்று நண்பர் படித்திருந்தார். தூரத்தில் இருந்து வரும் அலையில் மின்புலமும் காந்தப்புலமும் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வருகின்றன; அங்கே இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. அலைநீளத்தை 2π-ஆல் வகுத்தால் வரும் தூரத்துக்குள், 1.84 மெகாஹெர்ட்ஸில் 26 மீட்டருக்குள், இருக்கும் மூலத்துக்கு மட்டும் ஏதாவது ஒரு புலம் ஓங்கி நிற்கலாம். அது எந்தப் புலம் என்பதும் அந்தந்த மூலத்தைப் பொறுத்தது. ஆகவே அதை நம்பி யாரும் வளையம் கட்ட வேண்டாம்.

வளையத்தைக் கட்டுவதற்கு உண்மையான காரணம் அதன் கேட்காத பக்கம். வளையத்தின் முகம் பார்க்கும் திசையில் அதற்குக் காது இல்லை. விளிம்பு பார்க்கும் திசையில் நன்றாகக் கேட்கும். முகத்தைக் கிழக்குச் சுவர் பக்கம் மெல்லத் திருப்பினோம். ஐந்து டிகிரிக்குள் ஓர் இடத்தில் சார்ஜர் இரைச்சல் திடீரென்று காணாமல் போனது. கை கொஞ்சம் அசைந்தால் திரும்பி வந்துவிடும். அந்தக் கேட்காத பக்கம் அவ்வளவு கூர்மையானது. அதே கிழக்குத் திசையிலிருந்து வான்வழி வரும் நிலையங்கள் முழுதாக மறையவில்லை; அவை மேலே ஒரு கோணத்திலிருந்து, துருவமுனைப்பு மாறி மாறி வருவதால், தரையோடு ஊர்ந்து வரும் பக்கத்து வீட்டு இரைச்சல் மாதிரி மொத்தமாகச் சாவதில்லை.

அன்றிரவு நண்பர் தூங்கவில்லை.

ஒரு சங்கடம் இருந்தது. ஒரு மீட்டர் வளையத்தின் செயல் உயரம் (அலையிலிருந்து அது எவ்வளவு மின்னழுத்தம் எடுக்கிறது என்பதன் அளவு) 1.8 மெகாஹெர்ட்ஸில் வெறும் 3 சென்டிமீட்டர். 7 மெகாஹெர்ட்ஸில் 12 சென்டிமீட்டர் ஆகிவிடும். அங்கே அது ராஜா. 160-ல் அமைதியான விடிகாலைகளில் வளையத்தின் பெருக்கியே இரைச்சலைச் சேர்ப்பது தெரிந்தது. வளையத்தைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் அதே அளவு தூண்டல் உள்ள சுருளை உலோகப் பெட்டிக்குள் மூடி இணைத்துப் பார்த்தபோது, இரைச்சல் 3 டெசிபெல் அளவுதான் இறங்கியது. நல்ல கேட்பு ஆன்டெனாவை இணைத்தால் ரிசீவர் இரைச்சல் குறைந்தது 8, 10 டெசிபெலாவது ஏற வேண்டும். 10 ஏறினால் ரிசீவரும் பெருக்கியும் சேர்ந்து கெடுப்பது அரை டெசிபெல்தான். 3 மட்டுமே ஏறினால் பாதி இரைச்சல் நம் சொந்தச் சரக்கு.

கே9ஏஒய்

கேரி பிரீட் என்ற ஹாம் 1997-இல் வெளியிட்ட வடிவம், அவருடைய அழைப்புக்குறியே பெயராகிவிட்டது. நடுவில் 7.6 மீட்டர் உயர மின்கடத்தாக் கம்பம். அதன் உச்சியிலிருந்து 26 மீட்டர் கம்பி இருபுறமும் சரிந்து, பக்கத்துக்கு நாலரை மீட்டர் தள்ளி இழுக்கப்பட்டு, மறுபடி கம்பத்தின் அடிக்கே வந்து சேரும். ஒரு முனை டிரான்ஸ்ஃபார்மருக்கு, மறுமுனை 400 முதல் 500 ஓம் வரையிலான ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு. இரண்டு முனைகளையும் ரிலேயில் மாற்றினால் திசை திரும்பும். குறுக்காக இன்னொரு வளையம் சேர்த்தால் நான்கு திசைகள். மொத்தம் ஒன்பதுக்கு ஒன்பது மீட்டர் இடம் போதும். எங்கள் தோட்டத்தில் உட்கார்ந்தது.

டிரான்ஸ்ஃபார்மரை நண்பர் முதலில் ஒரே கம்பியில் கிளை எடுத்துச் சுற்றியிருந்தார். 450 ஓம் 50 ஆனது சரிதான். ஆனால் கேபிள் பின்னலும் ஆன்டெனாவின் தரையும் ஒன்றாகிவிட்டன. எளிய சோதனை: வளையக் கம்பிகளை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கழற்றிவிட்டுக் கேளுங்கள். எதுவும் கேட்கக் கூடாது. எங்களுக்கு இரண்டு உள்ளூர் ஒலிபரப்பு நிலையங்களும் ரூட்டரின் மிச்சமும் கேட்டன. கேபிளே ஆன்டெனாவாக வேலை செய்துகொண்டிருந்தது. 73 வகை இரட்டைத்துளை ஃபெரைட்டில் ஒரு பக்கம் 2 சுற்று, மறுபக்கம் தனியாக 6 சுற்று என்று மறுபடி சுற்றி, பின்னலை அந்தத் தரைக்கம்பியில் கட்டாமல் விட்டு, மினி விப்புக்குப் போட்ட சோக்கையும் இங்கே மாற்றினோம். கழற்றினால் ரிசீவர் செத்தது போல அமைதி. இப்போது சரி.

இங்கே நண்பருக்கு ஒரு கவலை வந்தது. "மீட்டர் ஆடவே மாட்டேன் என்கிறதே, சார்?" எஸ்2-ல் நின்றது. கே9ஏஒய்யின் பெருக்கம் 160-ல் மைனஸ் 25 டெசிபெல் சுற்றளவில் இருக்கும், ஆடாதுதான். ப்ரீஆம்ப் வேண்டுமா என்பதை ஆன்டெனாவின் பெயரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது; இடத்தைப் பார்க்க வேண்டும். குடியிருப்புப் பகுதி இரைச்சலை 28 டெசிபெல் கீழே இறக்கினாலும், 500 ஹெர்ட்ஸ் அகலத்தில் மைனஸ் 110 டிபிஎம் அளவில் நிற்கும். சுமாரான ரிசீவரின் சொந்த இரைச்சல் மைனஸ் 130 பக்கம். நடுவில் 20 டெசிபெல் கிடக்கிறது, ப்ரீஆம்ப் தேவையே இல்லை. அதே வளையத்தை ஆளரவமற்ற நாட்டுப்புறத்தில் வைத்தால் இரைச்சல் மைனஸ் 129-க்கு வந்துவிடும். அங்கே ப்ரீஆம்ப் இல்லாமல் முடியாது.

நான் இதைச் சொல்லிவிட்டுப் போன பிறகும் நண்பர் ப்ரீஆம்பை இணைத்தார். மீட்டர் ஆடினால் அவருக்கு ஒரு திருப்தி. ஆனால் அனுப்பும்போது கேட்பு வரியைத் துண்டிக்கும் ரிலேயை இணைக்கவில்லை. 100 வாட் கம்பியிலிருந்து 12 மீட்டர் தள்ளி அவ்வளவு பெரிய வளையம் நிற்கிறது என்றால், அதன் வழியாகப் பல பத்து மில்லிவாட் உள்ளே வரும். பல எஸ்டிஆர்களின் தாங்குவரம்பே 10 மில்லிவாட் அளவுதான். முதல் அழைப்பிலேயே ப்ரீஆம்ப் போனது. அது குறுக்கே நின்று செத்ததால் பின்னால் இருந்த எஸ்டிஆர் பிழைத்தது.

முன்பின் வித்தியாசம் எங்கே போனது?

எல்லாம் சரியாகக் கட்டியும் வளையத்துக்குத் திசை தெரியவில்லை. கிழக்கு, மேற்கு என்று சுவிட்சைப் போட்டால் எந்தப் பகல்நேர நிலையமும் 4 டெசிபெலுக்கு மேல் மாறவில்லை. 15, 20 எதிர்பார்த்தோம். ரெசிஸ்டரை மாற்றினோம், தரைக்கம்பியை இன்னும் ஆழமாக அடித்தோம், நாலு ரேடியல் போட்டோம். அசையவில்லை.

குற்றவாளி தலைகீழ் எல். கால் அலைநீளத்தில் ஒத்திசைந்து நிற்கும் ஒரு கம்பி பக்கத்தில் இருந்தால், அது தானும் அலையை வாங்கித் திருப்பி வீசும். வளையம் மறுக்க நினைக்கும் திசையின் சிக்னலை இந்தக் கம்பி கைமாற்றிக் கொடுத்துவிடும். அடியில் ஒரு ரிலே வைத்து, கேட்கும் நேரத்தில் கம்பியைத் தரையிலிருந்தும் கேபிளிலிருந்தும் பிரித்துவிட்டோம். 160-ல் வித்தியாசம் உடனே 15 டெசிபெலைத் தொட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

சிரிப்பு 80 மீட்டருக்குப் போகும்வரைதான். அங்கே முன்பைவிட மோசமாகிவிட்டது. யோசித்தால் காரணம் எளிது: அடியில் பிரித்த 40 மீட்டர் கம்பி, 3.6 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் மிதக்கும் அரை அலைநீளக் கம்பி. 160-ல் தூங்கவைக்க நாங்கள் செய்த வேலையே 80-ல் அதை எழுப்பிவிட்டது. 80-ல் கேட்கும்போது அதே கம்பியை அடியில் தரையோடு இணைத்துவிட வேண்டும். அப்போது அரை அலைநீளக் கம்பியின் அடியில் மின்தடை மிக அதிகம் என்பதால் மின்னோட்டம் பெரிதாக ஓடாது. ஒரு பேண்டுக்குத் திறப்பு, இன்னொரு பேண்டுக்கு மூடல். இரண்டாவது ரிலே அதற்காக வந்தது.

ஒப்பிட்ட விதம்

ஒரே ரிசீவரில் இரண்டு ஆன்டெனாவைச் சுவிட்சில் மாற்றி மாற்றிக் கேட்பது ஆள் ஏமாறும் வழி. மாற்றும் நொடியில் சிக்னல் தானாகவே ஏறி இறங்கியிருக்கும். மனசு எதைக் கட்டியதோ அதற்கு ஓட்டுப் போடும். நாங்கள் ஒரே வகை எஸ்டிஆர் இரண்டை எடுத்துக்கொண்டோம். ஒன்றில் ஓர் ஆன்டெனா, மற்றதில் இன்னொன்று, கணினியில் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற மென்பொருளின் இரண்டு பிரதிகள், இரண்டும் 1840-ல் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில். ஒவ்வொரு 15 நொடிக்கும் இரண்டும் தாங்கள் பிரித்தெடுத்த நிலையங்களையும் அவற்றின் சிக்னல் இரைச்சல் விகிதத்தையும் கோப்பில் எழுதி வைக்கும். ஒரே நொடியில் ஒரே நிலையத்தை இரண்டும் கேட்ட வரிகளை மட்டும் எடுத்து, கழித்து, நடுமதிப்பைப் பார்த்தால் வேலை முடிந்தது. ஆரம்பத்தில் ஒரு மணி நேரம் இரண்டு எஸ்டிஆர்களையும் ஒரே ஆன்டெனாவில் பிரித்துக் கொடுத்து, அவை தமக்குள் ஒத்துப்போகின்றன என்று உறுதி செய்துகொண்டோம்.

நோட்டில் இருப்பது இதுதான். வடமேற்குத் திசையில், தூர நிலையங்களுக்கு, தலைகீழ் எல்லைவிடக் கே9ஏஒய் 6 டெசிபெல் மேல். ஆர்டிஎஃப் வாக்குக் கொடுத்தது இரண்டரை. மீதி மூன்றரை, வளையம் வீட்டைவிட்டுத் தள்ளி இருப்பதாலும் வீடு அதன் முதுகுப் பக்கம் விழுவதாலும் வந்தது என்பது என் கணிப்பு. காந்த வளையத்தோடு ஒப்பிட்டால், ஒன்பது மணிக்கு முன்னால் கே9ஏஒய் 3 டெசிபெல் மேல். ஒன்பது மணிக்கு மேல் கதை மாறியது. கிழக்கைக் கேட்க வேண்டும் என்றால் கே9ஏஒய்யின் முகம் நேராகச் சார்ஜரைப் பார்க்கிறது. காந்த வளையம் அதையே கேட்காத பக்கத்தில் வைத்துக்கொண்டு 5 டெசிபெல் முன்னால் போனது.

ஆகவே நண்பர் கேட்ட 'ஒன்று' கிடைக்கவில்லை. கே9ஏஒய் முதன்மை, கிழக்குக்கும் 40 மீட்டருக்கும் காந்த வளையம். மினி விப் குழாயோடு கொட்டகைக்குப் போனது. பக்கத்து வீட்டில் அந்தச் சார்ஜர் இல்லாமல் இருந்திருந்தால் காந்த வளையமும் கூடவே போயிருக்கும். வேறொரு தோட்டத்தில் வேறொரு சுவர், விடையும் வேறாக வரும்.

இந்தக் கணக்கு 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும். 144 மெகாஹெர்ட்ஸுக்கும் 432-க்கும் போனால் வானம் அமைதியாகிவிடுகிறது; ரிசீவரின் சொந்த இரைச்சலும் கேபிள் இழப்பும்தான் எல்லை. அங்கே நல்ல பெருக்கமுள்ள ஆன்டெனாவும், அதன் தலைமாட்டிலேயே ப்ரீஆம்பும் வேண்டும். 160-ல் படித்ததை அங்கே கொண்டுபோனால் அடி விழும்.

இன்னும் 80-ல் தென்மேற்குத் திசையில் முன்பின் வித்தியாசம் 8 டெசிபெலைத் தாண்டவில்லை. அந்தப் பக்கம் ஒரு தகரக் கூரை இருக்கிறது. அதன் ஓரத்தில் ஓடும் மழைநீர்க் குழாயைத் தரையோடு இணைத்துப் பார்ப்பது அடுத்த வேலை. போன வாரம் நண்பர் செய்தி அனுப்பினார்: ஒரே இரவில் நான்கு பேர் கூப்பிட்டார்கள், மூன்று பேர் காதில் விழுந்தார்கள். நான்காமவர் வந்த திசைக்குச் சுவிட்சைப் போட மறந்துவிட்டாராம். இப்போது சுவிட்ச் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் திசைகளை எழுதி ஒட்டியிருக்கிறார்.